முஷாயிராவில் கடைசி இடம்

எழுதுகிறவர் ஒருவர் இருக்கும் வீட்டில் இன்னொருவர் பேனாவைத் தொடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஏற்காட்டுக் கன்னியாஸ்திரிகள் நன்றாகத்தான் சொல்லித்தந்தார்கள்.

என் கணவர் உருதுக் கவிஞர். பல்கலைக்கழகத்தில் உருது ஆசிரியர். அவரைப் பற்றி உருதுவில் எழுதியிருக்கிறார்கள் என்று கேள்வி. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். அவர் எழுதியதை நான் படித்ததில்லை, நான் எழுதுவதை அவர் படிக்கப்போவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இப்படியே இருந்துவிட்டோம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்காடு கடைவீதியில் எங்கள் அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். நாங்கள் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள், அப்பாவை அத்தா என்போம். மழைக்காலத்தில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிடும். அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். அத்தா தராசைப் பிடித்துக்கொண்டு, அது போகட்டும் என்று காத்திருப்பார். எதிரில் நிற்பது கொட்டச்சேட்டு ஆளா, செம்மநத்தத்து ஆளா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், அப்படி ஒரு பனிக்குள்ளிருந்துதான் என் கணவர் முதன்முதலில் கடைக்கு வந்தார். ஒல்லியான ஆள். சலாம் சொல்லிவிட்டு, நல்ல உயரமான மெழுகுவத்தி வேண்டும் என்றார். ஏரிக்கு மேலே சரிவில் ஒரு தோல்மண்டி முதலாளியின் பங்களா இருந்தது. முதலாளியின் பிள்ளைகளுக்கு லீவில் பாடம் சொல்லித்தர வந்த வாத்தியார் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, பங்களாவுலதான் கரண்ட்டு இருக்குதே. பட்டப்பகல்ல மெழுகுவத்தி எதுக்குங்க?" என்று அத்தா கேட்டார்.

முஷாயிராவுக்கு என்றார் அவர். கவிஞர்கள் கூடிக் கவிதை படிக்கும் சபை அது. யார் முன்னால் விளக்கை நகர்த்தி வைக்கிறார்களோ அவர் படிக்க வேண்டும். முடிந்ததும் விளக்கு அடுத்தவரிடம் போகும். கேட்க வருகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்குள் சேலம் திரும்ப வேண்டியிருப்பதால் இங்கே மட்டும் பகலில் நடத்துகிறோம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

அன்று சோறு தின்னும்போது அத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பகல்ல வெளக்க வெச்சுப் பாட்டுப் படிக்கிறாங்களாமா. நல்லாத்தான் இருக்குது."

அடுத்த மே மாதமும் அவர் மெழுகுவத்தி வாங்க வந்தார். அதற்கடுத்த மே மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "அவங்க உருதுக்காரங்க. தமிழ் பேசற நம்மளப் பக்கத்துல உட்கார வெப்பாங்களா?" என்றாள்.

"மெழுகுவத்தி வாங்கறதுக்கே நின்னு சலாம் சொல்லிப் பேசறான் அந்தப் பையன். உட்காரவும் வெப்பான்" என்றார் அத்தா.

உட்கார வைத்தார்கள். ஆனால் நிறையச் சிரித்தார்கள். அவர் ஊர் ஆம்பூர்ப் பக்கம். காற்று திரும்பினால் தோல் வாசம் வீட்டுக்குள் வரும். மாமியாரிடமும் நாத்தனாரிடமும் நான் கற்றுக்கொண்டது அடுப்படி உருது. உப்புப் போடு, கதவைச் சாத்து, குழந்தை அழுகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் நாத்தனார் வாயை மூடிக்கொண்டு ஓடிவிடுவாள். "அண்ணி பேசினா ஆடு உருது பேசற மாதிரி இருக்கு" என்பாள். அவள் கெட்டவள் இல்லை. எனக்கு முதல் பிரசவம் ஆனபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

அவர் முதலில் அந்த ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்தார். பிறகு சென்னையில் ஒரு கல்லூரி. பிறகு பல்கலைக்கழகம். உத்தியோகம் உயர உயர வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மாணவன் வந்த வருஷமும் முழு ஷெர்வானி போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டுதான் போனார். மாணவன் வராத நாளிலும் மணி அடிக்கும்வரை வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று பியூன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். அங்கே உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று இவரிடம் கேட்டேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறது என்றார்.

கவிதை செய்வது மட்டும் ஏற்காட்டில்தான். கோடை விடுமுறைக்கு அத்தா வீட்டுக்கு வந்ததும் காலையிலேயே நடக்கக் கிளம்பிவிடுவார். நானும் கூடப் போக வேண்டும். காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் போகும் சின்ன ரோடு. சில்வர் ஓக் மரங்களின் பாதிக்கு மேல் பனிக்குள் இருக்கும். அவர் முன்னால் போவார், நான் நாலடி தள்ளி வருவேன். திடீரென்று நின்று ஒரு வரி சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதி வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. அதனால்தான் என்னைச் சொல்லச் சொன்னார். அர்த்தம் தெரிந்தவர்கள் வரியின் குறையைத் தாங்களே சரிசெய்துகொண்டு படித்துவிடுவார்களாம். எனக்கு நாக்கு தடுக்கினால் வரி அங்கே மேடுபள்ளமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடப்பார். ஒரு காலையில் ஒரே வரியை ஐந்தாறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது என் சேலைக் கரையெல்லாம் நனைந்திருக்கும். எனக்கு யார் நடந்தது, யார் பேசியது என்றே தெளிவாக இருக்காது. தூக்கத்தில் நடந்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

பிறகு வீட்டில் அர்த்தம் சொல்வார், தமிழில், அவருக்குத் தெரிந்தவரையில்.

சென்னையில் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு உருது நன்றாகத் தெரியும். என் கணவருடைய முதல் புத்தகம் வந்தபோது வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் ரகசியமாக வந்தாள். "உன் புருஷன் ஒரு பொம்பளைக்காகப் பக்கம் பக்கமா அழுதிருக்கார். அவ திரும்பிக்கூடப் பார்க்கல போல. யாருடி அது?" என்றாள். எனக்கு அன்று சமையல் ஓடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "அவள் எந்தக் கவிஞர் வீட்டுக்கும் வராதவள். நானூறு வருஷமா யார் வீட்டுக்கும் வரலை. அழறது எங்க உத்தியோகம்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் அப்படியே சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

இனி முஷாயிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல்மண்டி முதலாளி அதை வருஷந்தோறும் மே மாதத்தில் தம் பங்களாவில் நடத்தினார். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், பெங்களூர் என்று கவிஞர்கள் வருவார்கள். அவர்களுக்கு அங்கேயே தங்க இடம் உண்டு. கேட்க வருகிறவர்கள் சேலத்துக்காரர்கள். ஜவுளிக்கடைக்காரர்கள், கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், அவர்கள் குடும்பம். மதிய பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் மலை இறங்கிவிடுவார்கள். பெண்களுக்குக் கூடத்தின் ஓரத்தில் திரை கட்டியிருக்கும். கல்யாணமானது முதல் நான் எல்லா வருஷமும் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறேன்.

அங்கே படிக்கும் வரிசைதான் முக்கியம். வயதிலும் பேரிலும் சின்னவர் முதலில் படிப்பார். பெரியவர் கடைசியில். ஒருவரை இரண்டு பேர் முன்னால் தள்ளிவிட்டால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும். கடைசி இடம் எப்போதும் வேலூர்ப் பெரியவருடையது. பெரிய உஸ்தாத் என்பார்கள், ஆசான் என்று அர்த்தம். வெள்ளைத் தாடி, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. நேரமாகிறது என்று அவருக்குத் தோன்றினால் ஒரு தடவை இருமுவார். படித்துக்கொண்டிருப்பவர் அந்தக் கவிதையோடு முடித்துக்கொள்வார். அந்த இருமல் இருந்ததால்தான் அந்த முஷாயிராவும் பஸ்ஸும் ஒத்துப்போயின என்று எனக்குப் பிறகு தோன்றியது.

என் கணவர் முதல் வருஷம் முதலாவதாகப் படித்தார். பிறகு ஒவ்வொரு வருஷமாக விளக்கு அவரிடம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு வருஷம் அவர் கவிதையில் காப்பிப் பூவைக் கொண்டுவந்தார். மழை பெய்து காப்பி பூத்து மலை முழுக்க வெள்ளையாக இருக்கிறது, யாருடைய கல்யாணம் என்று கேட்க ஒருவரும் வரவில்லை என்று அர்த்தம். ஜனங்கள் "வா, வா" என்றார்கள். அதுதான் அவர்கள் பாராட்டு. பெரிய உஸ்தாத் மட்டும் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ரோஜாப்பூ என்ன தப்புச் செய்தது என்று கேட்டார். உருதுக் கவிதையில் பூ என்றால் ரோஜாதான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வருஷம் என் கணவரை நடு வரிசையிலேயே வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் காலையில் நடக்கப் போகும்போது வரி சொல்லாமல் சும்மாவே நடந்தார்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. லீவு தொடங்கும் முன்பே அவர் ஷெர்வானியைச் சலவைக்குப் போட்டு வாங்கி, அது சரியில்லை என்று மறுபடி போட்டார். என்ன விசேஷம் என்று கேட்டேன். பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உஸ்தாத் மலை ஏற முடியாதாம். மகள் வீட்டுக்கு ஹைதராபாத் போயிட்டார். இந்தத் தடவை விளக்கு என்கிட்ட வந்து நிக்கும்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே அந்த இருமலும் நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க, கடைசின்னா நேரமாயிருமே. ஜனம் பஸ்ஸுக்குப் போயிருவாங்க. ஒருத்தர் முன்னாடி படிச்சாக் கூடாதுங்களா?"

"முன்னாடி படிச்சா நான் சின்னவன்."

"கேக்க ஆளில்லாமப் போனா?"

"கடைசிக் கவிஞர் படிச்சு முடிக்கிற வரைக்கும் சபை எழுந்திரிக்காது. அது மரியாதை."

"அது பஸ்ஸுக்குத் தெரியுங்களா?" என்றேன்.

அவர் மோர் கேட்டார்.

அந்த வருஷம் காலை நடையில் ஒரே ஒரு கஸல்தான் செய்தார். ஏழெட்டு ஜோடி வரிகள். என் வாயில் அது தண்ணீர்போல ஓடும்வரை விடவில்லை.

முஷாயிரா நாளில் மத்தியானமே வானம் மூடிக்கொண்டது. சேலத்துக்காரர்கள் வந்து சேர்ந்து, சாப்பிட்டு, தொழுதுவிட்டு உட்காரவே தாமதமாகிவிட்டது. கூடத்தின் பெரிய ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார்கள். பனி வந்து ஜன்னல் கட்டையில் கை வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது, பிறகு உள்ளே வந்தது. பகல் வெளிச்சத்தில் அந்த மெழுகுவத்திச் சுடருக்கு நிறமே இல்லை. பனி வந்த பிறகு அது மஞ்சளாகி, ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மெதுவாக நகர்ந்தது. விளக்கு தெரிந்தது, நகர்த்துகிற கை தெரியவில்லை.

கடைசிக்கு முந்தின இடம் பெங்களூர்க் கவிஞருக்கு. அத்தர் வியாபாரி. என் கணவர் வயதுதான். ராகம் போட்டுப் படிப்பார். அவர் குரல் அழகு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஒரு கஸலைப் படித்தார். ஜனங்கள் "முகர்ரர், முகர்ரர்" என்றார்கள், இன்னொரு தடவை என்று கேட்பது அது. படித்தார். விளக்கை நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, யாரோ ஒருவர் பழைய கஸல் ஒன்றை ஞாபகப்படுத்தவும் விளக்கைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அது முடிந்ததும் இன்னொருவர் ஞாபகப்படுத்தினார்.

"இவர் நிறுத்த மாட்டார்" என்றாள் திரைக்குப் பின்னால் முதலாளியின் மனைவி, விசிறியால் தொடையைத் தட்டிக்கொண்டு. "போன வருஷம் வரைக்கும் இருமறதுக்கு ஒரு ஆள் இருந்தாங்க. நானே இருமலாமான்னு பார்க்கறேன்."

திரை இடுக்கில் பார்த்தேன். பின்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் மரியாதை இல்லாமல் எழவில்லை. என் கணவர் பக்கம் பார்த்துக் குனிந்து சலாம் வைத்துவிட்டு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போய் வாசலில் செருப்பைத் தேடினார்கள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சலாமுக்கும் நெற்றிவரை கையை உயர்த்திப் பதில் சொன்னார். முகத்தில் ஒன்றும் இல்லை. என்னால்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் அடுக்களை வழியாக வெளியே வந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கினேன். ஏரி இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை. பஸ்ஸின் உள்விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கண்டக்டர் படியில் நின்றிருந்தான். என் கூடப் படித்தவளின் தம்பி.

"தம்பி, கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்க முடியுங்களா?"

"யாருங்க? அட, மளிகைக்கடை அக்காவுங்களா. பனியில மொகமே தெரியல. ஏறுங்கக்கா."

"நான் வரலைங்க. மேல பங்களாவுல எங்க ஊட்டுக்காரரு இன்னும் படிக்கலை. கேக்க வந்தவங்க பூரா இங்க வந்து உட்கார்ந்துட்டாங்க."

"என்ன படிக்கலை?"

"பாட்டு."

"ஒரு பாட்டு எத்தன நேரமுங்க?"

"அரை மணி ஆகும். கேக்கறவங்க வா வான்னு சொன்னா இன்னுங் கொஞ்சம் கூட."

"அப்ப யாரையும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்கக்கா" என்றான் அவன்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். அத்தா காலத்திலிருந்து இந்த ரோட்டில் ஓட்டுபவர். "கண்ணு, பனி எறங்கீட்டே இருக்குது. இப்பவே நொம்ப மோசம். இன்னும் அரை மணி போனா வளைவுல ஒண்ணுந் தெரியாது. நிறுத்த முடியாது சாமி."

நான் அப்படியே நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்தார்.

"பாட்டுக்காரரையே வண்டியில ஏத்தி உடு. அடிவாரம் போற வரைக்கும் படிக்கட்டும். நானும் மெதுவாத்தான உருட்டப் போறேன்."

"கூட்டியாறேனுங்க. அதுக்குள்ள எடுத்துராதீங்க."

"வெரசா வாங்கக்கா. விசிலு என் வாய்லதான் இருக்குது" என்றான் கண்டக்டர்.

நான் மூச்சு வாங்கத் திரும்பியபோது விளக்கு என் கணவர் முன்னால் வந்துவிட்டிருந்தது. கூடத்தில் முதலாளியும் கவிஞர்களும் மட்டும் இருந்தார்கள். விரிப்புகள் வெறுமையாக, உட்கார்ந்த சுருக்கங்களோடு கிடந்தன. அத்தனை வருஷத்தில் நான் திரையைத் தாண்டியதில்லை. அன்று திரையை விலக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். முதலாளி மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களும் திருப்பிக்கொண்டார்கள். என் கணவர் மட்டும் பார்த்தார்.

அடுப்படி உருது அந்த இடத்தில் வாயில் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். "ஏனுங்க, எல்லாரும் பஸ்ஸுல உட்கார்ந்திருக்காங்க. நீங்க அங்க வந்து படிங்க. டிரைவர் வரச்சொல்லிட்டார்."

அவர் தூக்கத்திலிருந்து எழுந்தவர்போலக் கேட்டார். "எங்கே வரணும்?"

"ஜனம் இருக்கற எடத்துக்குங்க."

அவர் சுடரைப் பார்த்தார், வெறும் விரிப்பைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில், அந்தத் திண்டில் சாய்ந்து, கடைசியாக. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவரை யார் கடைசிக் கவிஞர் என்று சொல்வார்கள்?

அவர் எழுந்தார். ஷெர்வானியை உதறிச் சரிசெய்துகொண்டார்.

அவர் எழுந்ததும் பெங்களூர்க்காரரும் எழுந்தார். அவர் இரண்டு கையையும் விரித்து வேகமாக உருதுவில் சொன்னது எனக்குப் புரிந்தது. கடைசிக் கவிஞர் படிக்காமல் நாங்கள் எப்படி எழுந்து சாப்பிடப் போவது, நாங்களும் வருகிறோம் என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. படித்து முடித்த கவிஞர் எவரும் கடைசிக் கவிஞர் முடிக்கும்வரை சபையை விட்டுப் போகக் கூடாது. சபை இப்போது பஸ்ஸில் இருந்தது.

"தம் போட்டாச்சே" என்றார் முதலாளி, பிரியாணியை நினைத்து. பிறகு அவரே மெழுகுவத்தியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் சரிவில் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். முன்னால் விளக்கு. பின்னால் ஷெர்வானி போட்ட ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, அப்போதும் வரிசை மாறாமல், சின்னவர் முதலில், என் கணவர் கடைசியில். பனியில் கால்கள் தெரியவில்லை. மிதந்துதான் போனார்கள்.

கண்டக்டர் வாயைப் பிளந்தான். "ஏனுங்க, ஒரு ஆளுன்னு சொன்னீங்க. ஊரே வருது. பாய், வெளக்க அணைச்சுப்போடுங்க. வண்டியில நெருப்பு ஆவாதுங்க."

முதலாளி தயங்கினார். விளக்கு இல்லாமல் எப்படிப் படிப்பது என்று அவர் கேட்டது கண்டக்டருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்து, உள்விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, என் கணவர் நின்ற இடத்துக்கு மேலே இருந்த ஒன்றை மட்டும் எரியவிட்டான். "போதுங்களா?" என்றான். போதும் என்றார்கள்.

வண்டி கிளம்பியது. முதல் வளைவில் அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சபைக்கு வணக்கம் சொன்னார். இரண்டாவது வளைவு தாண்டியது. பிறகு முதல் வரியைச் சொன்னார். இருட்டுக்குள்ளிருந்து சேலத்துக்காரர்கள் அந்த வரியை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அவர் இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தார். வளைவு வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், எல்லோரும் மறுபக்கம் சாய்ந்தார்கள். வண்டி நேரானதும் இரண்டாவது வரி வந்தது. "வா, வா" என்று பஸ்ஸே கத்தியது. கொஞ்ச நேரத்தில் அவர் வளைவைப் பிடித்துக்கொண்டார். முதல் வரியை வளைவுக்கு முன்னால் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். வளைவு முடிந்து, கீழே ஏதோ ஒரு விளக்குப் பொட்டு தெரிந்து மறையும்போது இரண்டாவது வரியை விடுவார்.

என் பக்கத்தில் பலாப்பழ மூட்டையோடு ஒரு அம்மாள். "ஏங்கண்ணு, என்ன சொல்றாரு அவரு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். அவர்தான் சொல்லியிருந்தாரே. மெதுவாகச் சொன்னேன். "கதவு தட்டற சத்தம் கேட்டு நீதான்னு எழுந்து வந்தேன். பனி நின்னுட்டிருந்துச்சு, உள்ள வரட்டுமான்னு கேட்டுச்சுங்கறாரு."

"அட, நெசந்தான்" என்றாள் அவள். முன் சீட்டுக்காரரைத் தட்டி அவரிடம் சொன்னாள். அவர் அதற்கு முன் சீட்டில் சொன்னார். அடுத்த ஜோடி வந்தபோது மூன்று நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் ஆயுசில் நான் அவ்வளவு பேரிடம் பேசியதில்லை. இருட்டாக இருந்ததால் முடிந்தது. "உன் ஊருக்கு வழி கேட்டேன். கேட்டவங்க பூராவும் அதத்தான் நாங்களும் தேடறோம்னாங்க." அதுவும் முன்னால் போனது.

"அந்தப் பொம்பள ஏன் வர மாட்டேங்கறா?" என்றாள் பலாப்பழ அம்மாள்.

"அவ வரமாட்டாளுங்க. வந்தா இவருக்கு வேலை போயிரும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

எனக்கு நாலாவது ஜோடியைப் பற்றித்தான் பயம். இருப்பதிலேயே மெல்லிய வரி அது. ஹாரன் அடித்தால் செத்துவிடும். என் பெயரை நீ மறந்ததில் வருத்தமில்லை, மறக்கும் முன் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பாய் அல்லவா என்று அர்த்தம். அவர் முதல் வரியைச் சொன்னார். பெங்களூர்க்காரர் "முகர்ரர்" என்று குரல் கொடுத்தார். வளைவு வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே திருப்பினார். டயர் ஈரத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தின் மேல் அவர் இரண்டாவது வரியை வைத்தார்.

பெங்களூர்க்காரர்தான் முதலில் "வா" என்றார், மெதுவாக, ராகமில்லாமல்.

பனி எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. காற்று சூடாகியிருந்தது. அடிவாரம் வருவதற்குள் அவர் தன் புனைபெயர் வரும் கடைசி ஜோடியைச் சொல்லி முடித்துவிட்டார். கண்டக்டர் எல்லா விளக்கையும் போட்டான். திடீர் வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பலாப்பழ அம்மாள் அடிவாரத்தில் இறங்கும்போது அவரைப் பார்த்து, "வாரேனுங்க சாமி" என்றாள். அவர் அவளுக்கும் நெற்றிவரை கையை உயர்த்தினார்.

அவள் எழுந்த இடத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். நாலு பேருக்கு முன்னால் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஷெர்வானிக் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது.

"கேட்டாங்களா?" என்றார்.

"எல்லாரும் கேட்டாங்க."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடி கேட்டார். "கடைசியிலதானே படிச்சேன்?"

"உங்களுக்கு அப்புறம் யாரும் படிக்கலைங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே போக அன்று வேறு பஸ் இல்லை. கவிஞர்களைச் சேலத்துக்காரர்கள் ஆளுக்கு ஒருவராக வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். நாங்கள் கடிகாரக்கடைக்காரர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மேலே வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.